பதில்: வீடுகள் வரலாற்று மலர் – தலைக்கட்டுக்கு 5000

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் வீடுகளோட வரலாறு போட்டு ஒரு மலர் அடிக்கோம், தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) 5000 தாங்கன்னு கேட்டிருந்தீயல்லா, அதுக்குத்தான் இந்தப் பதில்.

கீழத்தெரு அண்ணாச்சி மூணு தடவ கேட்டாச்சு, போன கோயில் கொடைக்குப் பிரிச்ச காசுல மிச்சம் எவ்வளவுன்னு. ஒரு துண்டுச்சீட்டு வரல. அதுக்குள்ள மலருக்கு 5000. தரமாட்டேன்னு சொல்லல, ஆனா என்னத்த அச்சடிக்கப் போறீயன்னு தெரியணும்லா.

அத்தான் அனுப்பின மாதிரிப் பக்கத்துல நம்ம வீட்டுப் படத்துக்குக் கீழ "தாத்தா கொழும்புல சம்பாதிச்சு வாங்கின வீடு"ன்னு போட்டிருக்கு. கோவப்படாதீய அத்தான். அம்மா ஆடியில ஊருக்குப் போனப்ப ரெண்டாங்கட்டுல ஓடு விலகி ஆச்சியோட டிரங்குப் பெட்டி மேலயே தண்ணி சொட்டிட்டுக் கெடந்திருக்கு (சாவி யார்ட்ட இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், நான் வாயத் தொறக்கல). அடியில பழைய சேலைத்துணியில சுத்தி ரெண்டு பத்திரம், மடிச்ச எடமெல்லாம் அப்பளமா ஒடியுது, அம்மா தார்சாவுல விரிச்சு வச்சு போட்டோ எடுத்து அனுப்பினா.

ஒண்ணு கிரயம், கொல்லம் ஆண்டு 1102 ஆவணி. இங்கிலீஷ் வருஷம் தெரியணும்னா, ஆவணியில இருந்து மார்கழி பாதி வரைக்கும் 824 கூட்டணும், தை மாசி ஆனா 825, அப்ப இது 1926. வாங்கினது ஆச்சி பேர்ல, அவ அப்பா குடுத்த சீதனப் பணத்துல. இன்னொண்ணு ஒத்தி, அதான் கடனுக்கு வீட்ட ஈடாக் குடுக்க பத்திரம். அதே வீட்ட ஆச்சி ஒத்தி வச்சிருக்கா, எதுக்குன்னும் எழுதியிருக்கு, "என் புருஷர் கொழும்பு வியாபாரச் செலவுக்காக". கீழ பெருவிரல் ரேகை, ரேகைக்குக் குறுக்க வெள்ளையா ஒரு கோடு. அருவாமனை வெட்டின தழும்பு, நமக்கெல்லாம் காட்டுவாளே, அதேதான்.

மத்த வீட்டுக்காரங்களும் கேட்டுக்கிடுங்க, ஆன்லைன்ல வில்லங்கச் சான்று ரொம்பப் பழைய வருஷத்துக்கெல்லாம் வராது. அதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டுத்தான் தேடணும். கதவு நம்பர் எத்தனையோ தடவ மாறியாச்சு, அத வச்சுத் தேடினா ஒண்ணும் கெடைக்காது. அங்க சொத்து வாரியா ஒரு அட்டவணை, ஆள் பேர் வாரியா ஒரு அட்டவணை உண்டு, பேர் வாரியாத் தேடுங்க. பத்திரம் தொலைஞ்சுபோச்சுன்னா பக்கத்து வீட்டுப் பத்திரத்தக் கேட்டு வாங்குங்க, நாலெல்லை சொல்லுத எடத்துல உங்க ஆள் இருப்பாவ. எங்க கிரயத்துல "இன்னார் குமாரர் இன்னார் வீட்டுச் சுவருக்கு மேற்கு"ன்னு கீழத்தெரு அண்ணாச்சியோட பாட்டனும் பூட்டனும் நிக்காவ. பூட்டன் பேரு அண்ணாச்சிக்கே தெரியாது, நேத்து போன்ல சொன்னதும் ரெண்டு நிமிஷம் பேச்சே வரல.

அந்த ஒரு வரிய மாத்துங்க, 10000 தாரேன். ரசீது வேணும்.

---

பதில்:

எல்லாம் சரி. ஒத்தியத் திருப்பினது யாரு பணம்? அந்தப் பத்திரம் மட்டும் பெட்டியில இல்லியாக்கும்? அத்தைட்ட, அதான் உங்க அம்மாட்ட, கேட்டு எழுது.