.243-க்கு லேசான புல்லட்: நரிக்கும் சின்ன மானுக்கும் ஒன்றே போதுமா?

காட்டோரம்:
நண்பர்களே, என்னிடம் இருப்பது .243 வின்செஸ்டர் ரைஃபிள், பேரலின் உள்ளே இருக்கும் முறுக்கு வரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரீலோடிங்கில், அதாவது தோட்டாவை நானே நிரப்புவதில், இரண்டு வருட அனுபவம்தான். நரி, முயலுக்கு 58 கிரெயின் எடையுள்ள பிளாஸ்டிக் முனை புல்லட் போடுகிறேன், 100 மீட்டரில் ஐந்து ஓட்டையும் 2 செ.மீ.க்குள் விழும். இந்த சீசனில் சின்ன மானுக்கும் உரிமம் கிடைத்திருக்கிறது. அதற்காக 80 கிரெயின் முழுச் செம்பு புல்லட் வாங்கினேன், அது 7 செ.மீ.க்குச் சிதறுகிறது. பேசாமல் 58-ஐயே மானுக்கும் வைத்துக்கொள்ளலாமா? வேகம்தான் அவ்வளவு இருக்கிறதே.

பழைய_இரும்பு:
வேண்டாம் தம்பி. நானும் இப்படித்தான் நினைத்தேன். தோள்பட்டையில் பட்டது, காயம் உள்ளங்கை அகலம், ஆழம் இரண்டு விரல்கூட இல்லை. மான் ஓடிவிட்டது, இருட்டும்வரை ரத்தத்தைத் தேடிக்கொண்டே போய்த்தான் முடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது. அந்த புல்லட்டின் உறை மெல்லியது, பட்டதும் சிதறுவதற்கென்றே செய்தது. நரிக்கு அது சரி, எலும்பும் கெட்டித் தசையும் குறுக்கே இருந்தால் மேலேயே வெடித்து நின்றுவிடும். வேகம் கூடினால் இன்னும் சீக்கிரம் உடையும், அவ்வளவுதான்.

மூணாம்கண்:
அதற்காக கிரெயினை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். .243-இல் ஹார்னடி வி-மேக்ஸ் 87 கிரெயினிலும் வருகிறது, எடை கூடினாலும் அது நரி புல்லட்தான். இந்தப் பக்கம் .224 விட்டத்தில் நாஸ்லர் பார்ட்டிஷன் வெறும் 60 கிரெயின், ஆனால் நடுவில் செம்புச் சுவர் இருப்பதால் முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும். உறை எவ்வளவு கனம், ஈயம் உறையோடு ஒட்டியிருக்கிறதா, எந்த விலங்குக்கு என்று பெட்டியில் என்ன போட்டிருக்கிறது, இதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் எடைக்கு வாருங்கள். சாதாரண மென்முனை என்றால் மானுக்கு 85 முதல் 100 கிரெயின். உங்கள் ஊர்ச் சட்டத்தில் மானுக்குக் குறைந்தபட்ச விட்டம், எடை, ஆற்றல் என்று ஏதாவது இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, செம்பு ஏன் சிதறுகிறது? ஈயத்தைவிடச் செம்பு லேசு, அதனால் அதே எடைக்கு புல்லட் நீளமாகும். நீளம் கூடக் கூட, நிலையாகப் பறக்க பேரலின் முறுக்கும் நெருக்கமாக இருக்க வேண்டும். ஆனாலும் உங்கள் 10 அங்குல முறுக்கு 80-க்குத் தாங்கும், அங்கே எனக்குச் சந்தேகமில்லை. பேரலில் பழைய புல்லட்டின் படிவு இருக்கிறதா? ரைஃப்ளிங் வரி (அந்த முறுக்கு வரி) தொடங்கும் இடத்திலிருந்து புல்லட்டை எவ்வளவு தள்ளி உட்கார வைத்தீர்கள்?

காட்டோரம்:
58-க்கு வைத்ததுபோலவே வரிக்கு மிக நெருக்கமாக. பேரலைச் சுத்தம் செய்து, உண்மையைச் சொன்னால், நாள் ஆகிவிட்டது.

மூணாம்கண்:
ரெண்டுமே தப்பு. செம்புக் கரைப்பான் விட்டு, துணியில் நீலக்கறை வருவது நிற்கும்வரை தேயுங்கள். அப்புறம் புல்லட்டை வரியிலிருந்து 1.25 மி.மீ. பின்னால் தள்ளி ஆரம்பியுங்கள், முழுச் செம்புக்குக் கொஞ்சம் தாவ இடம் வேண்டும்.

பழைய_இரும்பு:
ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்னால் தள்ளினால் கேஸுக்குள் (தோட்டாக் கூட்டுக்குள்) பவுடருக்கான இடம் குறையும், செம்பு நீளம் என்பதால் ஏற்கெனவே கொஞ்சம்தான் மிச்சம். 58-இன் பவுடர் அளவையோ, ஈய 80-இன் அளவையோ இதற்குப் போடாதே. அந்த புல்லட்டுக்கென்றே உள்ள கையேட்டில் ஆரம்ப அளவிலிருந்து ஏறி வா.

காட்டோரம்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். ஏழாவது துணியில்தான் நீலம் நின்றது, எனக்கே வெட்கமாகிவிட்டது. பவுடரை மறுபடி ஆரம்ப அளவிலிருந்து ஏற்றினேன், இப்போது மூன்று குண்டும் 3 செ.மீ.க்குள். ஆனால் 58-ஐவிட 6 செ.மீ. கீழே விழுகிறது. இரண்டுக்கும் ஒரே ஸ்கோப் அமைப்பு ஒத்துவருமா?

பழைய_இரும்பு:
வராது. மான் சீசன் முடியும்வரை 80-க்கே ஸ்கோப்பை வை, 58 பெட்டியை அலமாரியில் பூட்டு. குறுக்கே நரி வந்தாலும் 80-ஐயே போடு, அதற்கு வித்தியாசம் தெரியாது.