எக்ஸ்எஸ்எல்டி: இணையப் பக்கத்தின் எலிமெண்ட் டெம்ப்ளேட்டில் பொருந்தாதது ஏன்?

கேள்வி:
எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 (எச்டிஎம்எல்லை எக்ஸ்எம்எல் விதிகளின்படி எழுதுவது) முறையில் எழுதப்பட்ட பழைய தளம் ஒன்றின் பக்கங்களை, எக்ஸ்எஸ்எல்டி 1.0 (எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறு வடிவுக்கு மாற்றும் மொழி) ஸ்டைல்ஷீட் கொண்டு எளிய எச்டிஎம்எல் ஆக மாற்றி வருகிறேன். அதை இயக்கும் கருவி எக்ஸ்எஸ்எல்டிப்ராக். "எச்2", "டேபிள்" ஆகிய எலிமெண்ட்களுக்கு (குறிச்சொற்களால் குறித்த பகுதிகளுக்கு) டெம்ப்ளேட் (அவற்றை எப்படி மாற்றுவது என்ற விதி) எழுதியும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. குறிச்சொற்கள் எல்லாம் உதிர்ந்து, பக்கத்தின் எழுத்து மட்டும் ஒரே குவியலாக வருகிறது. முதல் எலிமெண்ட்டில் உள்ள "எக்ஸ்எம்எல்என்எஸ்" அறிவிப்பை நீக்கியபோது வீட்டுக் கணினியில் எல்லாம் சரியாயிற்று. ஆனால் அதே கோப்பு அலுவலகக் கணினியில் பழைய குவியலையே தருகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1:
உங்கள் டெம்ப்ளேட் எதுவும் பொருந்தாதபோது, எக்ஸ்எஸ்எல்டியில் உள்ளமைந்த விதிகள் உரையை மட்டும் நகலெடுக்கின்றன. குவியல் அப்படி வந்ததுதான். எக்ஸ்பாத் 1.0 இல் (டெம்ப்ளேட் எந்த எலிமெண்ட்டுக்கு என்று குறிக்கும் மொழி) முன்னொட்டு இல்லாத "எச்2" என்றால், எந்தப் பெயர்வெளியிலும் (ஒரே பெயர்கள் மோதாதபடி, ஒரு முகவரியால் அடையாளப்படுத்தும் பெயர்த் தொகுதி; "எக்ஸ்எம்எல்என்எஸ்" அறிவிப்பது இதைத்தான்) சேராத எச்2 என்றே பொருள். பக்கத்தில் உள்ளதோ 1999 என்ற ஆண்டைத் தன் முகவரியில் கொண்ட எக்ஸ்எச்டிஎம்எல் பெயர்வெளியின் எச்2. ஸ்டைல்ஷீட்டிலும் அதையே இயல்புப் பெயர்வெளியாக அறிவித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள் (நானும் ஒரு நாள் முழுவதும் அப்படி நினைத்திருந்தேன்). அந்த அறிவிப்பு எக்ஸ்பாத் கோவைகளைத் தொடுவதே இல்லை. அதே முகவரியை ஸ்டைல்ஷீட்டில் "எச்" போன்ற ஒரு முன்னொட்டோடு கட்டி, "எச்:எச்2" என்று எழுதுங்கள். முன்னொட்டு எதுவாகவும் இருக்கலாம். முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், இறுதியில் ஒரு சாய்கோடு கூடினாலும் அது வேறு பெயர்வெளி. "கிளாஸ்" போன்ற அட்ரிபியூட்களுக்கு (குறிச்சொல்லுக்குள் எழுதும் பண்புகளுக்கு) முன்னொட்டு வேண்டாம்.

இரண்டு கணினிகளின் புதிருக்கு டிடிடியைப் (ஆவணத்தில் எந்த எலிமெண்ட், அட்ரிபியூட் வரலாம் என்று வரையறுக்கும் கோப்பு) பாருங்கள். எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 இன் டிடிடி அந்தப் பெயர்வெளியை முதல் எலிமெண்ட்டின் நிலைத்த (மதிப்பு மாறாத) அட்ரிபியூட்டாக வைத்திருக்கிறது. எக்ஸ்எஸ்எல்டிப்ராக் இயல்பாகவே டிடிடியை ஏற்ற முயல்வதால், அது கிடைக்கும் கணினியில் நீங்கள் நீக்கிய அறிவிப்பு தானாகத் திரும்பி வந்துவிடும். கிடைக்காத கணினியில் வராது. "நோவேலிட்" விருப்பம் கொடுத்து ஓட்டினால் அலுவலகத்திலும் வீட்டு விளைவே வரும். ஆனால் அறிவிப்பை நீக்குவது தீர்வாகாது.

மறுமொழி 2:
இவ்வளவு சிரமம் எதற்கு? நட்சத்திரக் குறியிட்டு, சதுர அடைப்புக்குள் "லோக்கல்-நேம்" சார்பால் பெயரை மட்டும் ஒப்பிட்டால் பெயர்வெளியே குறுக்கே வராது.

மறுமொழி 3:
ஒருமுறை மட்டும் ஓட்டும் சிறு வேலைக்கு அது ஆகும். பக்கத்தினுள் எஸ்விஜி படம் (எக்ஸ்எம்எல் குறிச்சொற்களால் வரைந்த படம்) இருந்தால் ஆகாது: "ஏ", "டைட்டில்", "ஸ்டைல்", "ஸ்கிரிப்ட்" நான்கும் எஸ்விஜியிலும் உண்டு என்பதால், படத்தின் தலைப்பையும் பக்கத் தலைப்பென்று எடுத்துவிடுவீர்கள். அத்தகைய மோதலைத் தவிர்க்கத்தானே பெயர்வெளி வந்தது! முன்னொட்டு எழுதச் சலிப்பாக இருந்தால், முன்னொட்டில்லாத பெயர்களுக்கு ஒரு பெயர்வெளியைக் குறிக்க எக்ஸ்எஸ்எல்டி 2.0 இல் "எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ்" இருக்கிறது. ஆனால் உங்கள் கருவி 1.0 மட்டுமே அறியும்.

கேட்டவர்:
முன்னொட்டு வேலை செய்கிறது, நன்றி. இப்போது வெளியீட்டில் நான் புதிதாக எழுதும் "டிவ்" ஒவ்வொன்றிலும் "எச்" முன்னொட்டின் அறிவிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. "காப்பி-ஆஃப்" கொண்டு நகலெடுத்த "பிஆர்" இன்னும் சாய்கோட்டோடு எக்ஸ்எம்எல் வடிவிலேயே நிற்கிறது. வெளியீட்டு முறை எச்டிஎம்எல் என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

மறுமொழி 1:
முதலாவதற்கு, ஸ்டைல்ஷீட்டின் முதல் எலிமெண்ட்டில் "எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-ப்ரிஃபிக்ஸஸ்" என்ற அட்ரிபியூட்டில் "எச்" என்று குறிப்பிடுங்கள். இது நீங்கள் நேரடியாக எழுதும் எலிமெண்ட்களுக்கு மட்டுமே பயன்படும். நகலெடுத்தவை தம் பெயர்வெளியைத் தம்மோடு கொண்டே வரும். இரண்டாவது பிழையும் அதனால்தான் நேர்கிறது: 1.0 இன் விதிப்படி, எச்டிஎம்எல் வெளியீட்டு முறை பெயர்வெளி இல்லாத எலிமெண்ட்களையே எச்டிஎம்எல் என்று கருதும். மற்றவற்றை எக்ஸ்எம்எல் போலவே எழுதும். எனவே "காப்பி-ஆஃப்" ஐ விட்டுவிட்டு, "எச்:*" என்பதற்கு ஒரு டெம்ப்ளேட் எழுதி, அதில் "எக்ஸ்எஸ்எல்:எலிமெண்ட்" கொண்டு லோக்கல்-நேம் தரும் பெயரிலேயே புது எலிமெண்ட்டை உருவாக்கி, அட்ரிபியூட்களை நகலெடுத்து, உள்ளே உள்ளவற்றுக்கு டெம்ப்ளேட்களை இயக்குங்கள். ஸ்டைல்ஷீட்டில் இயல்புப் பெயர்வெளி ஏதும் அறிவித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது எலிமெண்ட்களும் அதற்குள்ளேயே போய்விழும்.