கணக்கு எழுதுவதும் ஊழியமா?

கேள்வி:
நான் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஞாயிறு ஆராதனைக்கும் திங்கட்கிழமைப் பேரேட்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றுகிறது. சக ஊழியர்களிடம் சுவிசேஷம் பேசினால்தான் என் வேலை இறைப்பணி என்னும் ஊழியமாகுமா?

மறுமொழி 1:
வேதாகமத்தில் கொலோசெயர் 3:23 எதைச் செய்தாலும் 'கர்த்தருக்கென்றே' செய்யச் சொல்வது பிரசங்கிகளிடமல்ல, அடிமைகளாக உழைத்தவர்களிடம் என்பதை முந்தைய வசனத்தோடு சேர்த்து வாசித்தால் உணர்வீர்கள். அப்போஸ்தலராகிய பவுலும் கொரிந்து நகரில் கூடாரத் தொழில் செய்தார். கள்ளத்தராசைக் கண்டிக்கும் நீதிமொழிகள் 11:1 நேராகவே உங்கள் மேசைக்கு வருகிறது: பொய்ப் பற்றுச்சீட்டை ஏற்க மறுப்பதும், இளையவரின் பிழையை அவமானப்படுத்தாமல் திருத்துவதும் சாட்சிதான்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆனால் கொலோசெயர் 3:23-ஐக் காட்டி ஊதியமின்றி வேலைவாங்கும் முதலாளிகளும் உண்டு. எஜமான்களிடம் நீதியைக் கேட்கும் கொலோசெயர் 4:1-ஐயும் அவர்கள் வாசிக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அத்தகைய பற்றுச்சீட்டு ஒன்று உண்மையிலேயே என் மேசைமேல் இருக்கிறது.