சித்தானுபஸ்ஸனா: 'மனநிலை நோக்கல்' என்ற சொல் பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

தன் மனம் இப்போது எந்நிலையில் உள்ளது என்று பார்த்திருக்கும் பௌத்தத் தியானப் பயிற்சி பாலி மொழியில் சித்தானுபஸ்ஸனா எனப்படுகிறது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழு நண்பர் ஒருவர் முன்வைத்த 'மனநிலை விழிப்புணர்வு' என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சென்னையில் விழிப்புணர்வு என்றாலே தலைக்கவசப் பேரணியும் டெங்கு துண்டறிக்கையும்தான் நினைவுக்கு வரும். அறியாதவருக்கு அறிவிப்பதைக் குறிக்கும் சொல்லாக அது நிலைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய இடர் 'உணர்வு' என்ற பகுதியில் இருக்கிறது. துன்பம் தோன்றும் காரணத் தொடரான பன்னிரு சார்புகளை அடுக்கும் மணிமேகலை, விஞ்ஞாணத்தை (அறியும் மனத்தை) 'உணர்வு' என்றும் வேதனாவை (இன்ப துன்ப அனுபவத்தை) 'நுகர்வு' என்றும் வழங்குகிறது. நாமோ இன்று எமோஷன், ஃபீலிங், அவேர்னஸ் மூன்றையும் உணர்வு என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். பௌத்தப் பனுவலையும் உளவியல் நூலையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர் இதில் தடுமாறாமல் இருக்க முடியாது.

இப்பயிற்சியை விளக்கும் புத்தரின் உரையான சதிபட்டான சுத்தம் உடல், நுகர்வு, மனம், தம்மம் (போதனையின் கூறுகள்) என நால்வகை நோக்கலைக் கூறுகிறது. மூன்றாவதில் 16 மனநிலைகள் எட்டு இணைகளாக வருகின்றன: காமமுள்ள மனத்தைக் காமமுள்ள மனம் என்றும், காமம் நீங்கிய மனத்தைக் காமம் நீங்கிய மனம் என்றும் துறவி அறிகிறார், வெகுளி, மயக்கம், சுருங்கிய மனம், சிதறிய மனம் என்று வரிசை நீள்கிறது. முதல் மூன்றையும் குறள் 360 'காமம் வெகுளி மயக்கம்' என இதே வரிசையில் தருவதால், அவற்றுக்கு நாம் எதையும் புதிதாகப் புனைய வேண்டியதில்லை.

இந்தப் பகுதி எங்கும் 'ஏன்' என்று கேட்பதில்லை என்பதே என் வாதத்தின் அச்சாணி. சினம் எதனால் வந்தது என்று துருவுவது அகநோக்கு; சினம் இருக்கிறது என்று கண்டு, அதைத் திருத்தவோ துரத்தவோ முனையாமல் இருப்பது நோக்கல். (உள்நோக்கு என்பதும் வேண்டாம், 'உள்நோக்கம் கற்பிக்கிறார்' என்ற அரசியல் அறிக்கைதான் காதில் ஒலிக்கும்.) மனச்சோர்வு மீளாமல் தடுக்க சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகியோர் வகுத்த சிகிச்சைமுறையும், எண்ணத்தை 'நான்' என்றோ உண்மை என்றோ கொள்ளாமல் மனத்தில் எழும் ஒரு நிகழ்வாகக் காணப் பழக்குகிறது. 'எனக்குக் கோபம் வருகிறது' என்னும் தமிழ்த் தொடரில் எழுவாய் கோபமே என்பதால், நம் பயிற்றுநர்களுக்கு இதை விளக்குவது எளிது.

எனவே 'மனநிலை நோக்கல்' என்று முன்மொழிகிறேன். 'நோக்கு' என நிறுத்தினால் 'அறிவியல் நோக்கு' போலக் கண்ணோட்டம் என்ற பொருள் ஏறிவிடும். 'கவனிப்பு' என்பதற்குச் சென்னைப் பேச்சில் வேறு 'கவனிப்பு'களும் உண்டு.

சதிபட்டான என்பதன் முதற்பகுதியான ஸதி (ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ்) தனியே விவாதிக்க வேண்டியது; தமிழெழுத்தில் 'சதி' என எழுதினால் சூழ்ச்சியாகிவிடுகிறது. அதன் வேர்ப்பொருள் நினைவு என்பதால், பழைய உரையில் 'கொண்ட பொருள் மறவாமை' என விளக்கப்படும் 'கடைப்பிடி'யைப் பரிசீலிக்கலாம். விதிகளைக் கடைப்பிடித்தல் என்ற இன்றைய வழக்கு அதற்கு எவ்வளவு தடையாகும் என்பதை உறுப்பினர்கள் எழுத வேண்டுகிறேன்.