ஜூலை 1 புகைத்தடை: பப் பின்முற்றக் கொட்டகை செல்லுமா?

கேள்வி: இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் புகைக்கத் தடை. பின்முற்றத்தில் கூரைக் கொட்டகை இருக்கிறது, மூன்று பக்கம் சுவர். போதுமா?

பதில் 1: போதாது. கூரை இருந்தால் சுவர்ப்பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும். 4 மீட்டர் சதுரம், உயரம் 2.5 என்றால் நான்கு பக்கமும் சேர்த்து மொத்தம் 40 சதுர மீட்டர். உங்கள் திறப்பு 10 மட்டுமே. இன்னொரு சுவரை முழுதாக எடுத்து, மற்றதிலும் கொஞ்சம் குறையுங்கள். கதவு, ஜன்னல், சுருட்டி இறக்கும் பிளாஸ்டிக் திரை எதுவும் திறப்பாகாது; மூட முடிந்தால் சுவர்தான். மழைக்குத் திரை மாட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள்.

பதில் 2: வாசலில் ஏ5 அளவு அறிவிப்பு, அதில் புகைத்தடைச் சின்னத்தின் விட்டம் குறைந்தது 70 மில்லிமீட்டர் என்ற விதி 2012 வரை இருந்தது. உள்ளே இருக்கும் சாம்பல் கிண்ணங்களை அகற்றுங்கள். உள்ளே புகைப்பதைத் தடுக்காவிட்டால் அபராதம் 2500 பவுண்டு வரை.

பதில் 3: பப்புக்குள் பழைய புகையால் மஞ்சளேறிய உள்கூரையில் நேராக எமல்ஷன் (நீரில் கரையும் சுவர்ப் பெயிண்ட்) அடிக்காதீர்கள், கறை ஊறி வெளியே வரும். சுகர் சோப்பால் (பெயிண்டுக்கு முன் சுவர் கழுவும் காரப் பொருள்) கழுவி, காயவிட்டு, கறைதடுப்பு பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட்.