நாடகத்தின் முன்பாட்டு தமிழ்த்தாய் வாழ்த்தானது எப்படி?

மஞ்சக்குப்பத்தார் கேட்டது:
என் மகள் கடலூரிலும், அக்காள் மகன் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரிலும் படிக்கிறார்கள். சென்ற வாரம் இருவரையும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடச் சொன்னபோது, இவள் 'நீராருங் கடலுடுத்த' என்று எடுக்க, அவன் 'வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே' என்று எடுத்தான். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வாழ்த்தும் மாறுகிறது. புதுச்சேரி தன் மண்ணின் கவிஞரான பாரதிதாசனின் பாடலை வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. மேடையைவிட ஏட்டிலேயே அதிகம் வாழ்ந்த மனோன்மணீயம் நாடகத்தின் முன்பாட்டான 'நீராருங் கடலுடுத்த', தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் குடியேறியது எப்படி?

திருப்பாதிரிப்புலியூர் தமிழாசிரியர்:
மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. பாரதிதாசன் பிறந்ததும் அதே ஆண்டுதான் என்பது இங்கே சொல்லத்தக்க தற்செயல். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை எழுதிய அந்த வாழ்த்தைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அரசுக்கு முன்பே தன் விழாக்களில் பாடி வந்தது. 1970-இல் கலைஞர் அரசு அதை ஏற்றது.

ஆனால் முழுப் பாடலும் ஏற்கப்படவில்லை. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழின் வயிற்றில் பிறந்தவை என்னும் அடிகளும், 'ஆரியம்போல் உலகவழக்கு அழிந்தொழிந்து சிதையா' என்னும் பகுதியும் விடப்பட்டன. வெட்டிய இடம் இன்றும் தெரியும். மூலத்தில் 'சிதையாஉன் சீரிளமைத் திறம்வியந்து' என்று வருவதில் 'உன்' மட்டும் தப்பிப் பிழைத்து, 'தமிழணங்கே' என்னும் விளியின் பின்னால் ஒட்டிக்கொண்டது. வெட்டியவருக்கு யாப்புத் தெரிந்திருக்கிறது என்பேன்.

அரியாங்குப்பம் இசைப்பிரியர்:
ஐயா சொன்னது வரலாறு. வாயில் குடியேறியதற்குக் காரணம் மெட்டு என்பது என் துணிபு. இசையமைத்த எம்.எஸ்.விசுவநாதன் மோகன ராகத்தைத் தேர்ந்தெடுத்தார். ஐந்தே சுரங்கள், மும்மூன்றாக எண்ணும் திசிர நடை. சங்கதி, பிருகா போன்ற இசை நுணுக்கங்களைப் போடத் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சுதி விலகாமல் பாடிவிடலாம். டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய ஒலிப்பதிவு ஊர்தோறும் ஒலிபெருக்கியில் கேட்டதால், திரைப்பாட்டைப் போலவே அது காதில் பதிந்தது. எங்கள் புதுச்சேரி வாழ்த்தின் சொற்கள் இதைவிட எளியவை; ஆனால் மெட்டின் செல்வாக்கில் உங்களுடையதே முந்துகிறது என்பதைச் சற்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நெல்லிக்குப்பம் வழக்கறிஞர்:
மெட்டு மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இது இறைவணக்கப் பாடலே, நாட்டுப்பண் அன்று, எழுந்து நிற்கக் கட்டளை இல்லை என்றது. அதே மாதம் 17-ஆம் நாள் அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 நொடிகளில் பாட வேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த ஆணைக்கு முன்பே ஐம்பது ஆண்டுகளாக மக்கள் எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தார்கள். சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

மஞ்சக்குப்பத்தார்:
மூவருக்கும் நன்றி. இன்று மாலை மகளைப் பாடச் சொல்லிக் கேட்டேன். 'தமிழணங்கே' என்று இழுத்து, மூச்சு வாங்கி, அதன் பிறகே 'உன்' என்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு அந்த ஒட்டு தெரிந்திருக்கிறது.