அலுவலக ஆங்கிலம்: தேதி கடைசி வரியில் இருந்தது

வேலைக்காக எழுதிய ஆங்கிலத்தில் செய்த பிழைகளையும், அவற்றைத் திருத்திக்கொண்டதையும் மூன்று பேர் சொல்கிறார்கள்.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி

நான் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். பி.காம். முடித்து 2009-ல் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். அந்த வேலையில் பாதி, பையருக்கு, அதாவது வெளிநாட்டில் ஆடை வாங்குபவருக்கு, மெயில் எழுதுவதுதான். சாம்பிள் போனதா, லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணித் துண்டு) ஓகே ஆனதா, துணி எப்போது வரும் என்று நாள் முழுக்க எழுத வேண்டும். பழைய மெயிலை எடுத்து, தேதியையும் ஸ்டைல் நம்பரையும் மாற்றி அனுப்பியே சமாளித்து வந்தேன்.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு சாயப்பட்டறைகளை மூடினார்கள். சாயம் போட வழியில்லாமல் துணி குடோனில் தேங்கியது. இதற்கெல்லாம் பழைய மெயில் ஏது? நானே உட்கார்ந்து எழுதினேன். ஆறு, கழிவுநீர், வழக்கு, உத்தரவு, வெளியூர் டையிங்குக்குத் துணியை லாரியில் ஏற்றியது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, முக்கால் பக்கம் தாண்டி, கடைசி வரியில் ஷிப்மென்ட் தேதியைப் போட்டேன். பையரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "வென் வில் யூ ஷிப்?"

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் சீனியர் அக்கா மெயிலைப் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தமிழ்ல வினைமுற்று கடைசியிலதானே வரும்? மழை பெஞ்சு, பஸ் வராம, நடந்து வந்து, லேட்டாயிடுச்சும்போம். நீ மொத்த மெயிலையும் அப்படி ஒரே வாக்கியம் மாதிரி எழுதியிருக்க. தேதியைத் தூக்கி முதல் வரியில போடு."

போட்டேன். மார்ச் 18 அனுப்புகிறோம், பத்து நாள் தாமதம் என்பது முதல் வரி. காரணம் இரண்டு வரி. புதுத் தேதிக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்பது கடைசி. மறுநாள் காலையில் ஒப்புதல் வந்துவிட்டது.

அதற்கப்புறம் என் பிழைகளைத் தமிழுக்குள்ளிருந்து தேட ஆரம்பித்தேன். "அனுப்புகிறேன்" என்று சொன்னாலே அதற்குள் "நான்" இருக்கிறது. அதையே "வில் சென்ட் டுமாரோ" என்று எழுதினால் அனுப்பப் போவது நானா, டையிங்காரரா, ஏஜென்டா என்று படிப்பவருக்குத் தெரியாது. இன்னொன்று, "நேற்று அனுப்பியிருந்தேன்" என்பதை அப்படியே "ஐ ஹேட் சென்ட் இட் யெஸ்டர்டே" என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெறும் "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே" போதும். நடந்த ஒன்றுக்கு முன்பே வேறொன்று நடந்து முடிந்திருந்தால்தான் அந்த "ஹேட்" வேண்டும். "நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே அனுப்பியிருந்தேன்" என்பதற்கு அது சரி. இந்த ஒரு வேறுபாடு என் மண்டையில் ஏற எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஒரு முறை பெரிய சிக்கலே வரப் பார்த்தது. புதுக் காலர் பற்றிப் பதில் கேட்டு "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த காலர்" என்று எழுதினேன். அந்தப் பையருக்கு ரிவர்ட் என்றால் பழையபடி மாற்றுவது. "சரி, பழைய காலரே போடுங்கள்" என்று பதில் வந்துவிட்டது. கட்டிங் போவதற்கு முன் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் சந்தேகப்பட்டுக் கேட்டதால் தப்பித்தோம். நமக்குள் அந்தச் சொல்லைப் புழங்குவதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், இந்தியாவில் எல்லோருக்கும் புரிகிறது. கடல் தாண்டிப் போகிற மெயிலில் மட்டும் "ரிப்ளை" என்றே எழுதுகிறேன்.

நாகர்கோவில், இப்போது இங்கிலாந்தில் நர்ஸ்

திருப்பூர் அண்ணா கடைசி வரியில் தேதி போட்ட மாதிரி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிற அதே பழக்கத்தால்தான், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் எழுத்துப் பகுதியில் நான் இரண்டு முறை தோற்றேன். இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய மற்ற மூன்று பகுதிகளில் பி கிரேடும், எழுத்தில் சி பிளஸும் வேண்டும். நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அவரை அடுத்துக் கவனிக்கப் போகிறவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். மொத்தம் 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். கடிதம் 180 முதல் 200 சொற்களுக்குள் இருந்தால் நல்லது. நான் குறிப்புகளைத் தேதி வாரியாக அப்படியே வாக்கியமாக்கிக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு முந்தைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் கூட இருக்கும்.

பயிற்சி மையத்து மிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தக் கடிதத்தைப் படிக்கிற நர்ஸ் நாளை காலையில் என்ன செய்யப் போகிறார்?" புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகிறார், சர்க்கரை பார்க்கப் போகிறார். சரி, அப்படியானால் அப்பெண்டிக்ஸ் எதற்கு? அதை எடுத்துவிட்டு எழுதிப் பழகினேன். மூன்றாம் முறை தேறினேன்.

வேலைக்கு வந்தபின் இன்னொரு பாடம். இரவு இரண்டு மணிக்கு டாக்டருக்குப் போன் செய்து, நோயாளி அட்மிட் ஆன நாளிலிருந்து ஆரம்பித்தேன். "நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று நடுவிலேயே கேட்டார். இங்கே எஸ்பார் என்று ஒரு முறை உண்டு: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என்ன செய்ய வேண்டும் என்ற பரிந்துரை, இந்த வரிசையில் சொல்ல வேண்டும். இப்போது போனை எடுக்கும் முன் நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன்.

இலக்கணத்தில் என்னை அதிகம் படுத்தியது "சின்ஸ்". "மூன்று நாளாகக் காய்ச்சல்" என்பதை "ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்" என்று எழுதியே பழக்கம். எத்தனை நாள் என்றால் "ஃபார்", எந்த நாளிலிருந்து என்றால் "சின்ஸ்". "ஃபார் த்ரீ டேஸ்", "சின்ஸ் மன்டே".

சென்னை, சாப்ட்வேர் டெஸ்டிங்

என்னைச் சிக்கலில் மாட்டிவிட்ட சொல் "டவுட்". "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன்" என்று அமெரிக்க டீமில் ஒருவருக்கு எழுதினேன். எனக்குப் புரியாத ஒன்றைத்தான் கேட்க வந்தேன். அவரோ, தன் டிசைன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொண்டு, அதை நியாயப்படுத்தி நீண்ட மெயில் அனுப்பினார். மன்னிப்புக் கேட்டேன். இப்போது "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்றுதான் எழுதுகிறேன்.

அப்புறம் "பை", "அன்டில்". சர்வர் வெள்ளிக்கிழமை வரை இயங்காது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பை ஃப்ரைடே" என்று போட்டுவிட்டேன். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் நின்றுவிடும் என்று அர்த்தம். அவர்கள் வியாழன் வரை நேரம் இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால், "-க்குள்" வேண்டுமா, "வரை" வேண்டுமா என்று தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் டைப் செய்கிறேன்.